பெண்கள் கடல்

தேக்கா, சிங்கப்பூர்
9 செப்டம்பர் 2024, திங்கள்

அக்கா,

உன் ஹேண்ட்போனுக்கு அடித்தால் ஃபிரிட்ஜ் மேலே மணி கேட்கிறது. போன் இல்லாமல் துருக்கிவரை போன ஒரே சிங்கப்பூர்க்காரி நீயாகத்தான் இருப்பாய். யாத்திரையை நடத்தும் பிரதர் ஆர்னால்டுக்குச் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தால், உங்கள் திருயாத்திரைக் கூட்டத்துக்கு வரும் செய்தி எல்லாவற்றையும் அவர் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று வாசிக்கிறாராம். நம் வீட்டுக் கதை பங்குக் கோவில் முழுக்கப் பரவ வேண்டாம் என்று, அவரிடம் ஹோட்டல் ஈமெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. கிளமெண்டியில் நான் விட்டுவிட்டு வந்திருக்கும் என் புருஷனும் மகளும்கூடப் படிக்க மாட்டார்கள். டெஸ்மண்டுக்குத் தெரியாது, நடாலிக்குச் சோம்பல்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அப்பா, "கேட்டப் பூட்டியாச்சா?" என்றார். பூட்டினேன். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டுதானே. காலையில் ரொட்டி வாங்க இறங்கலாம் என்றால் சாவி இல்லை. வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். "ரோஸு கழுத்துல இருக்கும்" என்கிறார் அப்பா, சாவகாசமாக. மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பாயே, அது உன்னோடு விமானம் ஏறிவிட்டது. நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, கடைசியில் கீழே சாவி வெட்டும் சீன அங்கிள் வந்து பூட்டை அறுத்தார். அறுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூட்டாவது போகட்டும். அந்தப் பித்தளை மணி! அப்பாவுக்குக் கண் தெரியாது, கூப்பிட ஒரு வழி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படியா? விசிறி வேகமாகச் சுற்றினால் மணி. மெதுவாகச் சுற்றினால் மணி. கீழே மார்க்கெட்டில் மீன் வண்டி வந்துவிட்டதா என்று கேட்க மணி. நான் குளிக்கப் போனால் கட்டாயம் மணி. "வரேன்ப்பா, வரேன்ப்பா" என்று கத்திக்கொண்டே ஓடி ஓடித் தொண்டை கட்டிவிட்டது. என் கையால் கோப்பி குடிக்க மாட்டேன் என்கிறார். "ரோஸு போடற கோப்பி வேற" என்று தள்ளி வைக்கிறார். கஞ்சியும் பாதிதான் இறங்குகிறது.

வியாழக்கிழமை காலை வந்துவிடுவாய் அல்லவா? என் லீவும் அன்றைக்கு முடிகிறது. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். மாதா வீட்டில் அப்பாவுக்காக நன்றாக வேண்டிக்கொள். எனக்காகவும்.

ஷார்லீன்


சேசு மரி சூசை

குஷாடாசி, துருக்கி
10 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி ஷார்லீனுக்கு,

உன் கடிதத்தை ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்கும் எலிஃப் என்ற பெண் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இதை நான் கையால் எழுதுகிறேன். அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். நம் எழுத்து அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எல்லாம் வளையம் வளையமாக இருக்கிறதாம்.

போனை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தேன். கொண்டுவந்திருந்தால், நாளுக்கு எத்தனை தடவை அப்பா உன்னை விட்டு எனக்கு அடிக்கச் சொல்லியிருப்பார் என்று இப்போது உனக்கே தெரியும். சாவி மட்டும் தெரியாமல் வந்துவிட்டது. இஸ்தான்புல் விமான நிலையத்தில் சோதனைக்காகக் கழுத்துக் கயிற்றைக் கழற்றச் சொன்னபோதுதான் பார்த்தேன். நீ மாட்டிக்கொள்வாய் என்று தெரியும். கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மாதா வீட்டுக்கு அவர்கள் பிறந்தநாளன்றே போய்ச் சேர்ந்தோம். மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடமாம், மலை மேல் ஒரு சின்னக் கல்வீடு. வெளியே ஒரு சுவர் இருக்கிறது. ஜனங்கள் தங்கள் வேண்டுதலைத் தாளிலும் துணியிலும் எழுதி அதில் கட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் எல்லாரும் எழுதினார்கள். பிரதர் ஆர்னால்ட் என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "அப்பாவுக்கு நீண்ட ஆயுள் கேளுங்க சிஸ்டர்" என்றார். எனக்கு எழுத வரவில்லை, ஷார்லீன். மாதாவிடம் பொய் எழுதவும் பயமாக இருந்தது. வெறும் தாளை மடித்துக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஓய்வு நாள். பக்கத்திலேயே இருக்கும் கடற்கரைக்குப் போனோம். அதன் பேரைத் தமிழில் சொன்னால் பெண்கள் கடல். ஒரு காலத்தில் பெண்கள் மட்டும் குளிப்பதற்கு ஒதுக்கி வைத்திருந்தார்களாம். இப்போது குடும்பம் குடும்பமாக எல்லாரும் வருகிறார்கள். மணல் தெரியாத அளவுக்குக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும். நம் கூட்டம் ஒரு குடைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தது. அப்போது பின்னாலிருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரன் மணி அடித்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன சிஸ்டர்?" என்றார்கள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். மறுபடி அடித்தான். மறுபடியும் எழுந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு என் கால்கள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாளைக்கு எல்லாரும் கிளம்புகிறார்கள். நான் கிளம்பவில்லை. பிரதரிடமிருந்து என் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டேன். எப்போது வருவேன் என்று கேட்காதே, தெரியாது.

ரோசம்மா


தேக்கா
11 செப்டம்பர்

அக்கா,

ஹோட்டல் ஈமெயிலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் கையெழுத்துதான். உன் திமிர்தான்.

எனக்கும் வேலை இருக்கிறது. நடாலிக்கு இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை. டெஸ்மண்ட் போனில், "எத்தனை நாளு லா இப்படி?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? என் அக்கா கடற்கரையில் படுத்திருக்கிறாள் என்றா? மேலதிகாரியிடம் சம்பளமில்லாத லீவு கேட்டு எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் விமானம் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். "எந்த விமானம்டி இத்தன நாளு தாமதமாவும்?" என்று அவர் நாளைக்குக் கேட்பார். பதில் வைத்திருக்கிறாயா?

நான் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைக்கலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அப்பா வேண்டாம் என்றார், அது அவர் குணம். நீயும்தானே வேண்டாம் என்றாய்? "அவருக்கு என் கைதான் பழக்கம்" என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, நான் பார்த்தேன். நான் லீவு நாளில் வந்து அப்பாவுக்குச் சோறு ஊட்டினால்கூடப் பின்னாலேயே நின்று, "கரண்டி அப்படிப் பிடிக்காதே" என்பாய். யாரையும் கிட்ட விடாமல் எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது சுமை என்று சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிட்டுப் போனால் என்ன நியாயம்?

ஜன்னலைத் திறந்தால் சிராங்கூன் ரோடு. எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் கீழே இறங்கி ஒரு கோப்பி குடித்துவிட்டு வரக்கூட அப்பா தூங்க வேண்டும். தூங்கிவிட்டார் என்று செருப்பை மாட்டினால் மணி அடிக்கிறார். நீ ஒன்பது வருஷம் எப்படி இருந்தாய் என்று பரிதாபப்பட வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது எனக்கு உன் மேல் எரிச்சல்தான் வருகிறது, பரிதாபம் வரவில்லை.

வந்து சேர்.

ஷார்லீன்


சேசு மரி சூசை

குஷாடாசி
13 செப்டம்பர்

ஷார்லீன்,

பெருமை இருந்தது. சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். அம்மா போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டேன், சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அப்பாவுக்கு நான் இல்லாவிட்டால் ஆகாது என்பதைப் பிடித்துக்கொண்டேன். அதில் கரண்டியைக்கூட உனக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

கூட்டம் போன பிறகு ஒரு நீச்சல் உடை வாங்கினேன். பயப்படாதே, தலையிலிருந்து கால்வரை மூடுகிற உடை. இங்கே முஸ்லிம் பெண்கள் போடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு பெண்கள் கடலில் இறங்கினேன். இந்த ஊர்க் கிழவிகள் கழுத்தளவுத் தண்ணீரில் வட்டமாக நின்றுகொண்டு நேரம் போவது தெரியாமல் கதை பேசுகிறார்கள், தேக்காவில் காய் வாங்க வந்தவர்கள் மாதிரி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, கோவில் பிக்னிக் என்று ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போவோமே? அப்பா துண்டை வைத்துக்கொண்டு கரையில் நிற்பார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும், "போதும், ஏறு" என்பார். நீ அழுது அடம்பிடித்து முழங்கால்வரை வாங்கிவிடுவாய். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இங்கே இடுப்பளவு வந்ததும் யாரோ "போதும்" என்றது மாதிரி இருந்தது. கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஏறி வந்துவிட்டேன்.

நான் இங்கே கொண்டாடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. என்னைப் பூட்டி வைக்க இங்கே யாரும் இல்லை. இருந்தும் விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். அப்பா கோப்பி குடிக்கும் நேரத்துக்குக் கோப்பி, அவர் கஞ்சி நேரத்துக்குச் சாப்பாடு. கடற்கரையில் அதே நாற்காலி. ஐஸ்கிரீம்காரன் மணி அடித்தால் இன்னும் தொடை துள்ளுகிறது. எலிஃப், "பழைய பட்டணம் பார்க்கவில்லையா, கப்பல்துறை பார்க்கவில்லையா?" என்கிறாள். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

ஆனால் வந்தால் அந்தக் கேட் மூடிக்கொள்ளும். அப்புறம் அப்பா போகும்வரை நான் வெளியே வர மாட்டேன். அதற்குள் எனக்கு எழுபது வயதாகிவிடும். அவர் போகட்டும் என்று எப்போதாவது நினைத்தாயா என்று கேட்காதே. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுவிட்டு நீயும் நிம்மதியாக இருக்க முடியாது, சொல்லிவிட்டு நானும் இருக்க முடியாது.

இன்னும் கொஞ்ச நாள் விடு.

ரோசம்மா


தேக்கா
15 செப்டம்பர், ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாளாகப் போனில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டு.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரையைத் துப்பினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேற்று சாயங்காலம் உன் அலமாரியைத் திறந்து உன் நீலப் பூப்போட்ட வீட்டு கவுனை எடுத்து மாட்டிக்கொண்டேன். உன் பவுடரைப் பூசிக்கொண்டேன். உன் செருப்பைப் போட்டுக்கொண்டு உன்னை மாதிரியே தேய்த்துத் தேய்த்து நடந்தேன். வாயே திறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபமாலையில் நீ சொல்ல வேண்டிய பத்து ஜெபம் வந்தபோது, நீ சொல்வதுபோலவே பழைய ஜெபத்தைச் சொன்னேன், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று, இழுத்து, அம்மா ராகத்தில். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

கஞ்சி முழுதையும் குடித்தார். மாத்திரையை விழுங்கினார். பிறகு என் கையைத் தடவிப் பார்த்து, "ரோஸு, எப்ப வந்தே?" என்றார்.

"காலைல" என்றேன், உன்னை மாதிரி மெதுவாக.

"கடல் எப்பிடி இருந்துச்சு?"

எனக்கு வியர்த்துவிட்டது. யாத்திரையில் கடல் இருக்கிறது என்று எப்போதாவது கேட்டிருப்பார் போல. என்னிடம் இருந்ததெல்லாம் உன் கடிதம்தான். குடை, நாற்காலி, கழுத்தளவுத் தண்ணீரில் கதை பேசும் கிழவிகள் என்று சொன்னேன். ஐஸ்கிரீம் மணியைச் சொல்லவில்லை. இடுப்பளவு இறங்கியதையும் சொல்லவில்லை. தேக்கா மாதிரி என்றதும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாகிறது!

இன்று காலையும் நான் நீதான். கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஊரே தேக்காவில் இருக்கிறது. மேலே நான் உன் கவுனுக்குள் இருக்கிறேன். "அப்புறம் கடல்ல என்ன?" என்று மறுபடி கேட்டுவிட்டார். கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் எழுதி அனுப்பு. சும்மா, கடலைப் பற்றி மட்டும்.

ஷார்லீன்


சேசு மரி சூசை

குஷாடாசி
17 செப்டம்பர்

ஷார்லீன்,

படித்ததும் முதலில் சிரித்தேன். உனக்கு என் கவுன் இறுகியிருக்கும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன், சிரிப்பு போய்விட்டது.

ஒன்பது வருஷம். ஒரு கவுனும் கொஞ்சம் பவுடரும் போதுமாக இருந்திருக்கிறது. என் கை, என் கோப்பி, நான் இல்லாவிட்டால் ஆகாது என்று எதை எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மணி அடித்தால் வரும் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கேட்டால் எனக்கு விடுதலையாக இருக்க வேண்டும் அல்லவா? வயிறு எரிகிறது. நீ என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாய் என்று பொறாமையாக இருக்கிறது. ஓடிப்போனவளுக்கு என்ன பொறாமை என்று கேட்பாய். எனக்கும் அதே கேள்விதான்.

சரி. அப்பாவுக்குச் சொல்ல:

மணல் கொஞ்சம் பருக்கையாக இருக்கும், பகலில் காலை வைக்க முடியாமல் சுடும். எள் தூவிய வளைய ரொட்டியைத் தலைமேல் தட்டில் அடுக்கிக்கொண்டு ஒருவர் கூவிக்கொண்டே போவார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நின்றால் கால் விரல் தெரியும். தூரத்தில் நீலமாகத் தெரிகிற மலை கிரேக்க நாடாம். பெரிய பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கப்பலைச் சொல், கேட்பார்.

அவருக்குச் சொல்லக்கூடாதது: நேற்று அந்தக் கிழவிகளில் ஒருத்தி என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. என் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து என்னைத் தண்ணீர்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள். காது தண்ணீருக்குள் போனதும் ஒரு சத்தமும் இல்லை, ஷார்லீன். எந்த மணியும் இல்லை. எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்பாவிடம் கணுக்கால்வரைதான் இறங்கினேன் என்று சொல்.

ரோசம்மா


தேக்கா
19 செப்டம்பர்

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

கப்பலைச் சொன்னேன். வளைய ரொட்டியைச் சொன்னேன். கடைசியில், "கணுக்கால் வரைக்குந்தான் எறங்குனேன்ப்பா" என்றேன். அப்பா, "பொய் சொல்றா" என்றார். "சொல்றே" இல்லை, "சொல்றா". எனக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஷார்லீன், அக்கா லெட்டர நல்லாத்தான் படிச்ச" என்றார்.

கவுன் போட்ட முதல் நாளே தெரியுமாம். பிரதர் ஆர்னால்ட் போன வெள்ளிக்கிழமை, நான் மார்க்கெட்டுக்கு இறங்கியிருந்தபோது, மாதா வீட்டுத் தீர்த்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நீ அங்கேயே தங்கிவிட்டதையும், நாம் எழுதிக்கொள்ள ஹோட்டல் ஈமெயில் கொடுத்ததையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அது இருக்கட்டும், எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "மணி அடிச்சா ரோஸு பேச மாட்டா. மூச்சு விடறதுக்குள்ள வந்து நிப்பா. நீ கவுன மாத்தின, கத்தறத நிறுத்தலியே. 'வரேன்ப்பா வரேன்ப்பா'ன்னு வந்தே" என்றார். பிறகு எதற்குத் தெரியாத மாதிரி இருந்தீர்கள் என்றேன். கடலைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்ததாம்.

நானும் ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். "அவள இப்படி மணி அடிச்சு மணி அடிச்சு சாகடிச்சீங்களே, எதுக்குப்பா?" என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கம்மா தவறுன வருஷம் ரோஸு அடுப்படியில போயி அழுவா. நான் தூங்கறேன்னு நெனச்சு அழுவா. கண்ணு போனவனுக்குக் காது நல்லாக் கேக்கும். எந்திரிச்சுப் போயி சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. மணிய அடிச்சேன். அழுகைய நிறுத்திட்டு வந்தா. மறுபடி அழுதா, மறுபடி அடிச்சேன். வேலை இருந்தா அழ மாட்டான்னு நெனச்சேன். அப்புறம் பழகிப்போச்சும்மா. எனக்கும் பழகிப்போச்சு."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை, அக்கா. பாதி உண்மை, பாதி அவர் சௌகரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் சொல்லிவிட்டு, "அவகிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

ஷார்லீன்


குஷாடாசி
22 செப்டம்பர்

ஷார்லீன்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் எலிஃப்பிடம் போய் இன்னொரு பிரதி அச்சடித்துத் தரச் சொன்னேன்.

அழுதேன், ஆமாம். அம்மாவுக்காக அழுதேன். யாராவது முழுசாக அழ விட்டிருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி, விசிறியைக் குறைத்து, வந்து மறுபடி ஆரம்பிப்பதற்குள் மறுபடி ஓடி, ஒன்பது வருஷமாக அந்த ஒரு அழுகையை முடிக்க முடியவில்லை. அவர் எனக்குக் காவல் இருந்தாராம், நான் அவருக்குக் காவல் இருந்தேனாம். இரண்டு பேரும் ஒரே கேட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் உதவி செய்திருக்கிறோம். நல்ல உதவி! அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிவரை வந்து என் பக்கத்தில் நின்றிருந்தால் போதாதா? எனக்குச் சமாதானம் யார் கேட்டார்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் கடலுக்குப் போனேன். குடைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் மார்பளவு போய் நின்றுகொண்டு அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். அந்தக் கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். ஐஸ்கிரீம்காரன் மணி அடித்தான். நான் நிறுத்தவில்லை. தானாக நிற்கும்வரை அழுதேன். அது நின்றபோது பசித்தது. வளைய ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அன்பு பொங்கி வருகிறேன் என்று நினைக்காதே. பயந்துகொண்டே வருகிறேன். கேட்டுக்குள் நுழைந்ததும் என் கால் தானாக அடுப்படிக்குப் போகும், எனக்கு என் காலைத் தெரியும். அதனால் விருந்தாளி மாதிரி வரப்போகிறேன். விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம். வாசலில் வந்து நின்று பெல் அடிப்பேன், கதவைத் திற. கோப்பி நீ போடு. அந்தப் பித்தளை மணியை எடுத்து என் கையில் கொடுத்துவிடு. வேலைக்கு ஒரு பெண்ணைப் பார். அப்பா வேண்டாம் என்றால் கேட்காதே. நான் வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டு.

சாவி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. அந்தப் பூட்டு குப்பைக்குப் போய்விட்டது என்று தெரியும். உப்புத் தண்ணீர் பட்டுத் துருவும் ஏறிவிட்டது. கழற்றலாம் என்று கையைக் கொண்டுபோகிறேன், மனம் வரவில்லை. நீ வந்து கழற்றிவிடு.

ரோசம்மா


தேக்கா
25 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திட்டாதே. எதையும் விடவில்லை, அடுப்படிவரை வந்து நின்றிருக்கலாமே என்பதையும் விடவில்லை. வாசித்து முடித்ததும், "அந்த எடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

மணியை அவரே என்னிடம் கொடுத்துவிட்டார். துணியில் சுற்றி உன் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். வேலைக்கு ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறாள். சொன்னதும் அப்பா முகத்தைச் சுளித்தார், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு சாவியோடு. ராத்திரி தவறாமல் கேட்கிறவர், மூன்று நாளாகக் கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்கவில்லை. நானும் பூட்டவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை நீ பெல் அடித்தால் நான் திறக்கப் போவதில்லை. அவர்தான் திறப்பாராம். நேற்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து வாசலுக்கு நடந்து பழகுகிறார். நான் கையைக் கொடுத்தால் தட்டிவிடுகிறார். என்னை வெளியே அனுப்பி பெல்லை அடிக்கச் சொல்கிறார். உள்ளே எழுந்திருக்கும்போதே, "வரேன், வரேன்" என்று கத்துகிறார், நான் கத்தின மாதிரியே. நடுவில் ஒரு தடவை சோஃபாவில் உட்கார்ந்துவிடுகிறார். தாழ்ப்பாளைத் தடவிக் கண்டுபிடிப்பதற்கும் நேரமாகிறது.

அதனால் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். நில்லு அக்கா. அவசரப்பட்டு மறுபடி மணியை அடித்துவிடாதே.

ஷார்லீன்